கடைசி ஸ்டூல்

அவனுக்கு ஓட்டை என்று பேர் வைத்தது நான்தான். வைத்தபோது அவனும் சேர்ந்து சிரித்தான், வழக்கம்போல ஒரு மூச்சு பிந்தி. எந்தக் கேலிக்கும் அவன் சிரிப்பு கொஞ்சம் தாமதமாகத்தான் வரும். அதனால் டியூப்லைட் என்றும் கூப்பிட்டுப் பார்த்தோம், ஒட்டவில்லை. ஓட்டைதான் நிலைத்தது. எதை ஊற்றினாலும் தங்காமல் போய்விடுகிறவனை வேறு எப்படிக் கூப்பிடுவது?

நாங்கள் மூன்று பேர். சக்தியோடு பிறந்த பிள்ளைகளைச் சேர்த்து வளர்க்கும் ஒரு விடுதியில் ஒன்றாக வளர்ந்தவர்கள். எங்கள் வகுப்பில் பறக்கிற பையன் ஒருவன் இருந்தான். லாரியை ஒற்றைக் கையால் தூக்கும் பெண் ஒருத்தி இருந்தாள். அவர்களுக்கு அளவெடுத்துச் சீருடை தைத்தார்கள், டிவிக்காரர்கள் வந்து பேட்டி எடுத்தார்கள். எங்களுக்குக் கிடைத்தது பெரிய ஆஸ்பத்திரியின் தீக்காய வார்டும் ஆளுக்கொரு பச்சை ஏப்ரனும்தான். பொறாமைப்பட்டாயா என்று கேட்டால், ஆமாம், நன்றாகவே வயிறெரிந்தது.

எங்கள் சக்தி பார்க்க அழகாக இருக்காது. வாங்கி என்று நாங்கள் கூப்பிடும் பெண், வலிக்கிற யாரையாவது தொட்டால் அந்த வலி அவளுக்கு வந்துவிடும். ஆனால் ஒரு கணம்கூட அவளால் அதை வைத்துக்கொள்ள முடியாது, கண் செருகிவிடும். நான் கடத்தி. ஒரு கையில் வருவதை மறு கையால் தள்ளிவிடுவேன், அவ்வளவுதான் என் பெருமை. வலி என் தோளைக் கடக்கும்போது சூடான பாத்திரத்தைப் பிடித்துவிட்டு விட்டதுபோல ஒரு சுரீர், அப்புறம் ஒன்றுமில்லை. ஆரம்பத்தில் நாங்கள் இருவர் மட்டும் இருந்தபோது இது கேலிக்கூத்தாக முடியும். அவள் வாங்குவாள், என்னிடம் தள்ளுவாள், நான் போக்கிடம் தெரியாமல் அலறி அவளிடமே தள்ளுவேன், கடைசியில் வலிக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு மன்னிப்புக் கேட்போம்.

அவன் அப்போது விடுதிச் சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தான். சோதனைகளில் அவனிடம் எந்தச் சக்தியும் இல்லை என்று தெரிந்துவிட்டது. சக்தி இல்லாதவர்களை விடுதியில் வைத்துக்கொள்ள மாட்டார்கள். போக வேறு இடம் இல்லாததால் யாரோ இரக்கப்பட்டு அவனைச் சமையலறையில் விட்டிருந்தார்கள்.

ஒருநாள் லாரி தூக்குகிறவள் முற்றத்தில் பயிற்சி செய்யும்போது சிமென்ட் உருளையைத் தன் கால் விரலிலேயே போட்டுக்கொண்டாள். வாங்கி ஓடிப்போய் அவளைத் தொட்டாள், இன்னொரு கையால் என்னைப் பிடித்தாள். நான் அலறிக்கொண்டு பக்கத்தில் போனவன் கையை எட்டிப் பிடித்தேன். அவன் தண்ணீர் வாளியோடு போய்க்கொண்டிருந்தான். வாளியை ஒரு சொட்டுக்கூடச் சிந்தாமல் மெதுவாகக் கீழே வைத்தான். எல்லோரும் அவனையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

"எங்கடா போச்சு?" என்று கேட்டேன்.

அவன் என்னைப் பார்த்தான், வாங்கியைப் பார்த்தான், ஓடி வந்துகொண்டிருந்த விடுதி மேலாளரைப் பார்த்தான்.

"போயிடுச்சு," என்றான்.

அன்று மாலையே அவனுக்கு எங்கள் அறை வரிசையில் கட்டில் கிடைத்தது. கரைக்கும் சக்தி, மிக அரிது என்றெல்லாம் மேலாளர் பூரித்துப் போனார். அதுவரை உதவாக்கரைகளாக இருந்த நாங்கள் இருவரும் அவனால் ஆளாகிப் போனோம்.

தீக்காய வார்டில் காலை என்றால் கட்டு மாற்றும் நேரம். காயத்தோடு ஒட்டிப்போன துணியை சலைன் ஊற்றி ஊறவைத்து, ஓரத்திலிருந்து மெல்ல உரிக்க வேண்டும். எவ்வளவு மெல்ல உரித்தாலும் அது உரிப்பதுதான். நாங்கள் வருவதற்கு முன்னால் அந்த நேரத்தில் வராந்தாவில் காபி விற்கிறவர்கூட வண்டியைத் தள்ளிக்கொண்டு தூரமாகப் போய்விடுவாராம். பெரிய சிஸ்டர் சொல்லியிருக்கிறார். வார்டுக்குத் தலைமை நர்ஸ் அவர். பயிற்சிக்கு வரும் நர்ஸ் பிள்ளைகள் நோயாளியிடம் எரிந்து விழுந்தால், "தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தாதான்மா தெரியும்," என்பார். நாளுக்கு நாலு முறை சொல்வார். அவர் நகர்ந்ததும் நான் அதே குரலில் சொல்லிக் காட்டுவேன், பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள்.

கட்டிலைச் சுற்றிப் பச்சைத் திரை உண்டு. உள்ளே இடம் குறைச்சல். சிஸ்டர், டிராலி, தலைமாட்டில் வாங்கி, அவள் பக்கத்தில் நான். நாலாவது ஆளுக்கு இடம் கிடையாது. அதனால் ஓட்டை திரைக்கு வெளியே ஒரு ஸ்டூலில் உட்காருவான். திரையின் இடைவெளி வழியாக நான் கையை நீட்டுவேன், அவன் பிடித்துக்கொள்வான். வாங்கி நோயாளியின் நெற்றியில் கை வைப்பாள், சிஸ்டர் உரிப்பார், என் தோளில் சுரீர். திரைக்கு அந்தப் பக்கமிருந்து சற்று நேரத்தில் குரல் வரும்.

"போயிடுச்சு."

அந்தச் சொல் வரும்வரை யாரும் கையை விடக் கூடாது என்பது எங்கள் விதி. அது வந்ததும் சிஸ்டர் அடுத்த பகுதிக்குப் போவார். நோயாளிகள் கட்டு மாற்றும்போதே கதை பேசிக்கொண்டிருப்பார்கள். வெந்நீர் அண்டாவில் விழுந்த ஒரு சின்னப் பெண், உரிக்க உரிக்கத் தூங்கியே போனாள். அவள் அப்பா எங்கள் கைகளை எல்லாம் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். திரைக்கு வெளியே இருந்தவனை அவர் பார்க்கவில்லை. நாங்களும் காட்டவில்லை. அவன்தான் ஸ்டூலில் உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருப்பானே என்று நினைத்தோம்.

வேலை முடிந்ததும் துணி அறையில் உட்காருவோம். மடித்த படுக்கை விரிப்புகள் அடுக்கிய சின்ன அறை, இஸ்திரி வாசனை. அங்கேதான் எங்கள் அட்டகாசம் நடக்கும். வாங்கிக்குக் கடைவாய்ப் பல்லில் சொத்தை. பல் டாக்டரிடம் போகப் பயம். "இந்தாடா, பிடி," என்று என் வழியாக அவனுக்குத் தள்ளிவிடுவாள். மாதாமாதம் என் வயிற்று வலியும் அவனுக்குத்தான். பயிற்சி நர்ஸ்களின் ஒற்றைத் தலைவலி, புதுச் செருப்புக் கடித்தது, கதவிடுக்கில் விரல் மாட்டியது, எல்லாம் அவன் கணக்கு.

"குடுங்க குடுங்க, ஓசிதானே," என்பான். கொஞ்சம் பொறுத்து, "இன்னிக்குச் சரக்கு சுமார்தான்," என்று தரம் வேறு சொல்வான். நாங்கள் விழுந்து விழுந்து சிரிப்போம்.

அவன் இளைத்துக்கொண்டே போனதைக் கவனித்தோம். சாப்பாடு பிடிக்கவில்லை என்றான். உட்கார்ந்தபடியே தூங்குவதைக் கவனித்தோம். சின்ன வயசிலிருந்தே பழக்கம் என்றான். படியேறி வந்தால் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நிற்பான். சோம்பேறி என்றேன் நான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். மறைக்கலாம். சாப்பிடுகிறவர்கள் எல்லோரும் தங்கள் தங்கள் பசியிலேயே இருந்தால் போதும்.

அந்த நிலையில்தான் என் அம்மா வார்டுக்கு வந்தாள், நோயாளியாக.

அம்மாவுக்கு நீராவிச் சலவைக்கூடத்தில் வேலை. பெரிய ஹோட்டல்களின் விரிப்பெல்லாம் அங்கேதான் வரும். குழாய் இணைப்பு விட்டுப்போய் நீராவி அவள் முதுகிலும் தோளிலும் அடித்துவிட்டது. ஸ்ட்ரெச்சரில் குப்புறப் படுத்தபடி வந்தவள், என்னைப் பார்த்ததும் முதலில் கேட்டது, "ஏன்டி இப்படிக் கண்ணைச் சுத்திக் கருப்பா இருக்கு, தூங்கறதே இல்லையா?" என்பதுதான். அவள் எப்போதும் அப்படித்தான். எனக்கு அவளை விட்டால் யாரும் இல்லை. அன்று கழிவறையில் போய் வாயில் துண்டை வைத்துக்கொண்டு அழுதேன்.

வெளியே ஓட்டை நின்றுகொண்டிருந்தான்.

"அம்மாவுக்கு ஒரு துளி வலிக்க விடமாட்டேன்," என்றான். "நீ கைய மட்டும் நீட்டு."

சொன்னபடியே செய்தான். அம்மாவின் கட்டு பெரியது, நேரம் பிடிக்கும். "போயிடுச்சு" வருவதற்குக் கொஞ்சம் கூடுதலாக ஆகும், அவ்வளவுதான் வித்தியாசம். அம்மா குப்புறப் படுத்தபடி திரைக்கு வெளியே இருப்பவனோடு ஊர்க்கதை பேசுவாள்.

"தம்பி, சாப்பிட்டியா?"

"ஆச்சும்மா."

"என்ன சாப்பிட்ட?"

"பிஸ்கட்மா."

"பிஸ்கட்டெல்லாம் ஒரு சாப்பாடா? நான் எழுந்திரிச்சு வீட்டுக்குப் போனதும் வா, வயிறு நிறைய போடறேன்."

அவனை அதுவரை யாரும் சாப்பிட்டாயா என்று கேட்டதில்லையோ என்னவோ, கட்டு மாற்றும் வேலை முடிந்த பிறகும் ஸ்டூலை விட்டு எழாமல் அவள் பேச்சைக் கேட்டுக்கொண்டிருப்பான்.

அந்தக் கட்டிலின் திரையில் ஒரு குறை இருந்தது. மேலே கொக்கிகள் சில உடைந்து போனதால் வேறு திரையைக் கொண்டுவந்து மாட்டியிருந்தார்கள். அது உயரம் போதாமல் தரைக்கு ஒரு முழம் மேலேயே நின்றுவிடும். குப்புறப் படுத்து, தலையைக் கட்டில் விளிம்பில் சாய்த்திருக்கும் ஒருவருக்குத்தான் அந்த இடைவெளி வழியாக அந்தப் பக்கம் தெரியும். நாங்கள் நின்று வேலை செய்கிறவர்கள். எங்களுக்குத் தெரியாது.

ஒருநாள் கட்டு மாற்றிய பிறகு அம்மா என்னைக் கிட்டக் கூப்பிட்டாள்.

"அந்தப் பையன் காலைப் பாத்திருக்கியா?"

"காலுக்கு என்ன?"

"சிஸ்டர் துணியை இழுக்கறப்ப எல்லாம் விரலை மடக்கிக்கறான். நகம் வெளுத்துப் போற அளவுக்கு. உன்னைப் பெத்தப்ப நான் அப்படித்தான் வச்சிருந்தேன்."

"அம்மா, அவன்கிட்ட எதுவும் தங்காது. அதுதான் அவன் சக்தி."

"வாய் போயிடுச்சுங்குது. கால் வேற சொல்லுதேடி."

"வேலைய பாரும்மா," என்றேன். எனக்குக் கோபம் வந்தது. அது பயம் என்று இப்போது தெரிகிறது.

மறுநாள் காலை வாங்கி நெற்றியில் கை வைக்கப் போனபோது அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"எனக்கு வேணாம். சும்மா உரிங்க சிஸ்டர்."

பெரிய சிஸ்டர் கெஞ்சிப் பார்த்தார். வாங்கி கெஞ்சினாள். நான் கத்தினேன், பிடிவாதம் பிடிக்காதே, உனக்கு என்ன பைத்தியமா என்று. வார்டே திரும்பிப் பார்த்தது.

"என் வலி, நான் பட்டுக்கறேன்," என்றாள் அம்மா. "யார் பெத்த பிள்ளை தலையிலயோ கொட்டிட்டு நான் கதை பேசிட்டிருக்க மாட்டேன்."

சிஸ்டர் வேறு வழியில்லாமல் ஊசியைப் போட்டுவிட்டு உரிக்க ஆரம்பித்தார். அந்த மருந்து காயத்தின் விளிம்புவரைதான் உதவும். அம்மா கட்டிலின் இரும்புச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள். அவள் தொண்டையிலிருந்து வந்த சத்தத்தை நான் எழுதப்போவதில்லை.

திரை விலகியது. ஓட்டை உள்ளே வந்தான். அத்தனை காலத்தில் அவன் திரைக்கு உள்ளே வந்தது அதுதான் முதல் தடவை. காயத்தைப் பார்த்தான், அம்மாவின் முகத்தைப் பார்த்தான், என் பக்கம் கையை நீட்டினான்.

"பிடி. சீக்கிரம் பிடி. போயிடும்."

என் கை தானாக நீண்டது.

"நீ தொட்டா நான் உனக்கு அம்மா இல்ல," என்றாள் அம்மா பல்லைக் கடித்தபடி.

நான் கையை மடக்கிக்கொண்டேன். கட்டு முழுவதும் மாற்றி முடியும்வரை அவன் அங்கேயே நின்றான். அழுதான். எத்தனை பேரின் தீக்காயத்தை வாங்கிக்கொண்டபோதும் கண்கூடக் கலங்காதவன், வாங்கிக்கொள்ள முடியாமல் போன ஒரு வலியைப் பார்த்து மூக்கு ஒழுக ஒழுக அழுதான்.

பிறகு துணி அறையில் தேடிப் பிடித்தேன். விரிப்பு அடுக்கில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்திருந்தான், இன்னும் அழுகை ஓயவில்லை.

"எனக்குத் தலை வலிக்குது," என்று பொய் சொல்லிக் கையை நீட்டினேன்.

அவனும் பழக்கத்தில் கையைக் கொடுத்துவிட்டான். நான் தள்ளவில்லை. என் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தேன். எப்போதும் இறுக்கி மூடி வைத்திருக்கிறவன், அழுத அழுகையில் பிடி தளர்ந்திருந்தான். வந்தது.

முதலில் வந்தது வாங்கியின் கடைவாய்ப் பல். அதன் பின்னால் கொதிகலன் வெடித்துக் காயம்பட்டவரின் முதுகு, வெந்நீரில் விழுந்த குழந்தையின் தொடை, அம்மாவின் தோள். எதுவும் ஆறியிருக்கவில்லை. அன்றைக்கு எப்படி இருந்ததோ அப்படியே இருந்தன. அதற்கு நடுவில் என் வயிற்று வலி. பக்கத்து வீட்டுக் கொடியில் காயும் நம் ரவிக்கை அடையாளம் தெரிவதுபோல, பார்த்ததுமே என்னுடையது என்று தெரிந்தது. போன மாதத்தினுடையது. அதற்கு அடியில் அதற்கு முந்தின மாதத்தினுடையதும் இருந்தது.

அவன் கையைப் பிடுங்கிக்கொண்டான்.

"ஏன்டி தொட்ட?"

ஒரு விரிப்பை எடுத்து வாயில் வைத்துக் கடித்தேன்.

"எங்கயும் போகலையா?" என்றேன் கடைசியில். "ஒண்ணுகூடவா?"

"இல்ல."

"மொதல் நாள்? அந்தக் கால் விரல்?"

"அதுவும் இருக்கு." சின்னதாகச் சிரித்தான். "அது பழகிடுச்சு."

"ஏன்டா பொய் சொன்ன, கல்லுளிமங்கா? ஏன்டா?"

மூக்கைத் துடைத்துக்கொண்டான். "எங்க போச்சுன்னு கேட்ட. எல்லாரும் என்னையே பாத்தீங்க. அதுக்கு முன்னாடி யாரும் என்னை அப்படிப் பாத்ததில்ல. இங்கயே இருக்குன்னு சொல்லியிருந்தா நீ கைய எடுத்திருப்ப. நான் திரும்பப் போய் வெங்காயம் உரிச்சிருப்பேன்."

"எங்க பல்வலியையாவது வேணாம்னு சொல்லியிருக்கலாமில்ல?"

"அப்ப நீங்க ரெண்டு பேரும் சிரிப்பீங்க," என்றான். "அது நல்லா இருக்கும்."

அவனை அறைந்தேன். கன்னத்தில் பட்ட என் உள்ளங்கை எரிந்தது. அவன் பழக்க தோஷத்தில் அந்தக் கையைப் பிடித்துக்கொள்ளப் பார்த்தான்.

பெரிய சிஸ்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். அன்றே டாக்டர் பரிசோதித்தார். இதயம் ஓய்ந்துபோயிருக்கிறது என்றார். இந்த வயசில் இப்படி ஓர் இதயத்தைப் பார்த்ததில்லை என்றார். வலி ஒவ்வொரு முறையும் அதை விரட்டியிருக்கிறது, அது ஓடி ஓடித் தேய்ந்திருக்கிறது. இனி எதை இறக்கி வைத்தாலும் தேய்ந்தது தேய்ந்ததுதான். பெரிய சிஸ்டர் அவனுக்கு அம்மாவின் பக்கத்துக் கட்டிலைக் கொடுத்தார். கொடுத்துவிட்டு மருந்து அறைக்குள் போனவர் வெகுநேரம் வெளியே வரவில்லை.

துணி அறையில் எனக்குள் வந்துவிட்ட கொஞ்சம் என்னிடமே இருந்தது. அதை நான் யாருக்கும் தள்ளவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தேன், அது தங்கியது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் கடத்தி, என்னிடம் எதுவும் நிற்காது என்று நம்பிக்கொண்டிருந்தேனே, அது பொய். அடுத்தவருக்குத் தள்ளாமல் இருந்தால் நிற்கும். யாரிடம் வேண்டுமானாலும் நிற்கும். விடுதிச் சோதனை சரியாகத்தான் சொல்லியிருக்கிறது, அவனிடம் எந்தச் சக்தியும் கிடையாது. வரிசையின் கடைசியில் நின்ற ஒரு சாதாரணப் பையன் அவன்.

மிச்சத்தையும் கொடு என்றேன். மாட்டேன் என்றான். கையைத் தொட்டால் உள்ளே இறுக்கி மூடிக்கொண்டான்.

"பாதி வாங்கினாலே நீயும் இந்தக் கட்டில்ல வந்து படுப்ப."

"படுத்தா படுக்கறேன்."

"உங்கம்மாவுக்கு யார் இருக்கா?"

நான் கையை எடுத்துக்கொண்டேன். எடுப்பேன் என்று அவனுக்குத் தெரியும்.

நாட்கள் போகப் போக அவன் வேறு எதற்கோ பயப்படுவது தெரிந்தது. கண்ணை மூடினால் திடுக்கிட்டு விழிப்பான். காரணத்தை அம்மாதான் கேட்டுத் தெரிந்துகொண்டாள். அவளுக்கு அதற்குள் உட்கார முடிந்தது, அவன் கட்டில் பக்கத்தில் நாற்காலி போட்டுக்கொண்டு தலையைக் கோதிக்கொண்டிருப்பாள்.

"நான் செத்துட்டா இதெல்லாம் எங்கம்மா போகும்?" என்றான். "அவங்கவங்ககிட்டயே திரும்பிப் போயிட்டா? அந்தச் சின்னப் பொண்ணு இப்ப ஸ்கூலுக்குப் போயிட்டிருக்கா. ரோட்டுல நடந்து போறப்ப திடீர்னு வந்துட்டா?"

அதனால்தான் அவன் தூங்கவில்லை. சாவதற்குக்கூட அவனுக்கு அனுமதி கிடைக்கவில்லை. அம்மா என்னைப் பார்த்தாள்.

மறுநாள் நான் சிரித்த முகத்தோடு போனேன். வாங்கியையும் கூட்டிக்கொண்டு போனேன்.

"டேய், ஒரு வழி கண்டுபிடிச்சுட்டேன்," என்றேன். "கரன்ட்டுக்கு எர்த் குடுக்கறாங்கல்ல, அதே மாதிரி. நான் கடத்திதானே. செருப்பில்லாம வெறுந்தரையில காலை வச்சா எல்லாம் மண்ணுக்குள்ள போயிடுது. அன்னிக்கு உங்கிட்டருந்து வந்தது அப்படித்தான் போச்சு. இவ்வளவு நாளா இது தெரியாம மடையங்களா இருந்திருக்கோம்."

வாங்கி அப்படியே நம்பினாள். அவளுக்கு நம்ப வேண்டியிருந்தது. உண்மை தெரிந்த அன்றே பல்லைப் பிடுங்கிக்கொண்டு வந்தவள், அதிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை. "நிஜமாவா, நிஜமாவா," என்று என் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

அவன் என்னை வெகுநேரம் பார்த்தான். பொய்யில் பழம் தின்று கொட்டை போட்டவன் அவன். என் பொய்யை நம்பினானா, நம்புகிற மாதிரி எனக்காகச் சிரித்தானா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

"அப்ப அந்தச் சின்னப் பொண்ணுக்குப் போகாது?"

"போகாது. மண்ணுக்குள்ள போனது எப்படித் திரும்பும்?"

"கொஞ்சம் கொஞ்சமா வாங்கு," என்றான்.

கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்தோம். நான் திரைக்கு வெளியே அவன் உட்காரும் கடைசி ஸ்டூலில் உட்கார்ந்தேன், கடைசி ஆளுக்கு இதுதான் இடம், இங்கே உட்கார்ந்தால்தான் சரியாக வரும் என்று சொல்லிவிட்டு. முகம் தெரியக் கூடாது, அதற்காகத்தான். செருப்பைக் கழற்றினேன். தரை குளிர்ந்திருந்தது. வாங்கி ஒரு கையை அவன் நெற்றியில் வைத்து, மறு கையைத் திரையின் இடைவெளி வழியாக நீட்டினாள். நான் பிடித்துக்கொண்டேன். என் மறு கையைப் பிடிக்க யாரும் இல்லை, அதை மடியில் வைத்துக்கொண்டேன்.

அவன் பிடியை விட்டான்.

அதைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். அவன் சொன்னதில்லை, நானும் சொல்வதில்லை. கடைசியாக, எல்லாவற்றுக்கும் அடியிலிருந்து, உருளை விழுந்த அந்தக் கால் விரல் வந்தது.

திரைக்கு உள்ளே அம்மா அவனுக்குச் சலவைக்கூடத்துக் கதை ஒன்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

"ஒரு பெரிய ஆபீசர் வந்தாரு தம்பி. என் பேன்ட்டை நீங்க சுருக்கிட்டீங்க, இடுப்புல ஏறவே மாட்டேங்குதுன்னு ஒரே கத்தல். முதலாளி நடுங்கிட்டாரு. நான் போய்ப் பாத்தேன். சார், இது உங்க பேன்ட் இல்ல, உங்க மகனோடது, நீங்கதான் மாத்திப் போட்டுட்டு வந்திருக்கீங்கன்னேன்."

அவள் முடிக்கும் முன்பே அவன் சிரித்தான். பிந்தவில்லை. நடுவில் எதையும் தாண்டி வர வேண்டியில்லாத சிரிப்பு. அவன் சிரிப்பு அப்படித்தான் இருக்கும் என்று அதுவரை எங்கள் யாருக்கும் தெரியாது. அம்மாவும் கூடச் சிரித்தாள்.

"இன்னொண்ணு சொல்லுங்கம்மா," என்று கேட்டான்.

அவள் அடுத்த கதையை ஆரம்பித்தாள். பாதியில் என் கைக்கு வந்துகொண்டிருந்த அவன் நெஞ்சு வலி குழாயை மூடினதுபோல நின்றது. அம்மா உடனே கதையை நிறுத்தவில்லை. முடிவுவரை சொன்னாள், குரல் மட்டும் தணிந்துகொண்டே போனது. பிறகு வாங்கி அழும் சத்தம் கேட்டது. பெரிய சிஸ்டர் உள்ளே போனார்.

நான் எழவில்லை. எழ முடியவில்லை. அம்மா சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்து திரைக்கு இந்தப் பக்கம் வந்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. குனிந்து என் கால்களைப் பார்த்தாள். விரல்கள் மடங்கி, நகங்கள் வெளுத்திருந்தன.

அம்மா தன் தோளில் கிடந்த துண்டை எடுத்தாள். குனிய முடியாத முதுகோடு மெல்லக் குனிந்து, அதை என் கால்களின் மேல் விரித்து மூடினாள். பிறகு என் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

திரையை விலக்கிக்கொண்டு வாங்கி எட்டிப் பார்த்தாள். முகமெல்லாம் கண்ணீர். முதலில் துண்டைப் பார்த்தாள், பிறகு என்னை.

"எல்லாம் போயிடுச்சாடி?" என்று கேட்டாள்.

அவள் கையை நான் இன்னும் விடவில்லை.

"போயிடுச்சு," என்றேன்.